லேப் அக்கா காலியாக விட்ட கட்டம்

எங்கள் பள்ளிக்கூடத்தில் யாருக்கும் வேண்டாத வேலை எதுவானாலும் சுற்றிச் சுற்றிக் கடைசியில் லேப் அக்கா தலையில்தான் வந்து விழும். ‘உலகக் குடிமக்கள் மன்றம்’ ஒன்றை எல்லாப் பள்ளிகளும் தொடங்க வேண்டும் என்று மேலிடத்துச் சுற்றறிக்கை வந்தபோதும் அதுதான் நடந்தது. சமூக அறிவியல் டீச்சர் விடைத்தாள் திருத்த வேண்டும் என்றார். ஆங்கில சாருக்கு முதுகுவலி. கணக்கு வாத்தியாரான நான் என் பங்குக்கு, “கிழிச்ச பேப்பரையே கூடையில போடாத பசங்க, இதுல உலகத்துக்கே குடிமக்களாம்!” என்று நக்கலடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். மாதம் இருமுறை வேறொரு நாட்டுப் பள்ளியோடு வீடியோவில் பேச வேண்டும். அதற்குக் கம்ப்யூட்டர் வேண்டும். கம்ப்யூட்டர் இருப்பது லேபில், லேபில் இருப்பது அக்கா. பிறகென்ன யோசனை?

அவர் டீச்சர் இல்லை. கம்ப்யூட்டர் லேபின் உதவியாளர், அதுவும் தற்காலிகம். இருபத்து மூன்று வயதில் சேர்ந்தார். பதினாறு வருடமாகத் தற்காலிகம். ஆண்டுக்கு ஆண்டு பணி நீட்டிப்புக் கடிதம் கைக்கு வரும்வரை அவருக்குச் சோறு இறங்காது. கணவர் லாரி ஓட்டுகிறார். மூத்த மகள் மேல்படிப்புக்கு நிற்கிறாள். எனக்கு மூன்று வயது மூத்தவர் என்பதால் எனக்கும் அக்காதான்.

வேலையில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. வாரம் ஒரு முறை எல்லாக் கீபோர்டுகளையும் கவிழ்த்துத் தட்டி, பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து ஒவ்வொரு பொத்தானாகத் துடைப்பார். எந்த மெஷினில் எந்தப் பொத்தான் ஒட்டிக்கொள்ளும் என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஸ்டிக்கர் ஒட்டினால் பிள்ளைகள் உரித்துவிடுகிறார்கள் என்று, மகள் வேண்டாமென்று போட்ட கருஞ்சிவப்பு நகப்பூச்சால் எல்லாவற்றிலும் எண் எழுதி வைத்திருந்தார். லேப் என்பதற்கு ஒரு ‘லே’, பக்கத்தில் எண். லே 1, லே 2 என்று இருபத்திரண்டு வரை.

மன்றத்தையும் அப்படித்தான் நடத்தினார். மேலிடம் அனுப்பிய கையேட்டை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்தார். முதல் வகுப்பில் செத்துப்போன மவுஸ் ஒன்றைப் பிள்ளைகளிடம் கொடுத்து, “இத கழட்டுங்க. உள்ள இருக்கிற ஒவ்வொண்ணும் எந்த ஊர்லேருந்து வந்ததுன்னு கண்டுபிடிச்சிட்டு வாங்க” என்றார். மூன்று வாரம் கழித்துச் சுவரில் உலகப்படமும் அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாக நூலுமாக இருந்தது. “ஒரு மவுஸ் செய்ய இத்தனை பேரா!” என்று கடைசி பெஞ்ச் வாயாடி வாய்பிளந்தான். எனக்கே கொஞ்சம் பொறாமைதான். என் வகுப்பில் அவன் வாய் திறப்பது கொட்டாவி விட மட்டும்.

பழைய மின்சாதனங்களைச் சேகரித்து ஒப்படைக்கும் போட்டி ஒன்று வந்தது. மன்றத்துப் பிள்ளைகள் இருபத்தாறு பேரும் வீடு வீடாகப் போய் உடைந்த போன், புகைந்த ரேடியோ என்று அள்ளி வந்தார்கள். லேபுக்குப் புதுக் கம்ப்யூட்டர்கள் வந்திருந்ததால் அந்த இருபத்திரண்டு கிழங்களும் கூடவே கிளம்பின. யார் காலும் தட்டக்கூடாதென்று ஒவ்வொரு ஒயரையும் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டார் அக்கா. ஹெச்.எம். மேடம் அவரைத் தனியே கூப்பிட்டு, “இந்த விருது மட்டும் நமக்கு வந்துட்டா, உங்க நிரந்தர வேலை ஃபைலை நானே கையில எடுத்துட்டுப் போறேன்” என்றார். அன்று முழுக்க அக்கா தரையில் கால் பாவாமல் நடந்தார்.

ஏற்றிப்போக வந்த ஆள் ஒரு படிவம் நீட்டினான். அதில் ‘பொருள்கள் போய்ச் சேரும் இடம்’ என்றொரு கட்டம். வெறுமையாக இருந்தது.

“இது எங்கப்பா போகுது?” என்றார் அக்கா.

“எங்க பழைய சாமான் யார்டுக்கும்மா.”

“அங்கேருந்து?”

“போற இடத்துக்குப் போகும்மா. நல்லபடியா பிரிச்சிடுவாங்க.”

அக்கா பேனாவை மூடிவிட்டார். ஐந்து மணிக்குள் படிவத்தைப் போட்டியின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். மணி நாலே முக்கால். லேபில் அப்போது இருந்தது நாங்கள் மூன்று பேர்தான். எனக்கு வீட்டுக்குப் போகும் அவசரம். “அந்தக் கட்டத்த விடுங்கக்கா. குப்பைக்கு எதுக்கு விலாசம்?” என்றேன். அக்கா என்னைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார்.

மாவட்டத்தில் முதலிடம் எங்களுக்குத்தான். நாலு மாதம் கழித்து, விருதை உறுதி செய்யும் முன், மன்றம் நடப்பதை நேரில் பார்க்க இரண்டு அதிகாரிகள் ஒரு வியாழக்கிழமை காலை வந்தார்கள். பதினொரு மணிக்கு வீடியோ வகுப்பு. பெரிய திரை, துவைத்த சீருடை, முன் வரிசையில் அதிகாரிகள். நான் கதவோரம் நின்றேன். திரையில் தெரிந்த அந்த நாட்டுப் பிள்ளைகளும் எங்கள் பிள்ளைகளும் அவரவர் உடைந்த ஆங்கிலத்தில் நலம் விசாரித்துக்கொண்டார்கள். அன்றைய தலைப்பு ‘எங்கள் அக்கம்பக்கம்’.

அங்கே பன்னிரண்டு வயதிருக்கும் ஒரு சிறுமி, முன்பல் ஒன்று சற்று உடைந்தவள், டீச்சரின் போனை வாங்கிக்கொண்டு வெளியே நடந்தாள். பள்ளிச் சுவரைத் தாண்டியதும் ஒரு பொட்டல். கண்ணுக்கெட்டிய தூரம் உடைந்த திரைகளும் பெட்டிகளும் குவிந்து கிடந்தன. அங்கங்கே கரும்புகை. இது தன் அண்ணன் வேலை செய்யும் இடம் என்றாள். ஒயரை எரித்துச் செம்பு எடுக்கிறானாம். காலில் செருப்பில்லாத ஒரு பையன் புகைக்குள்ளிருந்து கையாட்டினான். கையாட்டி முடிப்பதற்குள் குனிந்து இருமினான். எங்கள் பிள்ளைகளின் உயர்த்திய கைகள் அப்படியே நின்றன.

சிறுமிக்கு எங்களைச் சிரிக்க வைக்க ஆசை. குவியலிலிருந்து ஒரு கீபோர்டை உருவி, மடியில் வைத்து டைப் அடிப்பதுபோல் நடித்தாள். பிறகு அதன் மூலையைக் கேமராவுக்கு அருகே கொண்டுவந்தாள்.

“இந்தப் படம் உங்களுக்குத் தெரியுமா? நிறைய பெட்டியில இருக்கு. நாங்க இதுக்கு நத்தைன்னு பேர் வச்சிருக்கோம்.”

கருஞ்சிவப்பில் லே 17.

ஒரு பிள்ளை “ஐயோ!” என்றது. அதிகாரிகளில் ஒருவர் திரையையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். ஹெச்.எம். மேடம் அக்காவின் தோளருகே குனிந்து, “லைனைக் கட் பண்ணுங்க. நெட் போயிடுச்சுன்னு சொல்லிக்கலாம்” என்று பல்லைக் கடித்தார். அக்காவின் கை மவுஸ்மேல்தான் இருந்தது. பதினாறு வருடம் அந்த விரலடியில் இருந்தது. அழுத்திவிடுங்கள் அக்கா, அழுத்திவிடுங்கள் என்றுதான் நானும் மனசுக்குள் கெஞ்சினேன். பொய் சொல்வானேன்.

அக்கா எழுந்து கேமரா முன்னால் போனார். அவருடைய ஆங்கிலம் என் சமையல் மாதிரி, எப்படியோ பசி தீர்க்கும். “அது நத்தை இல்ல கண்ணு. எங்க எழுத்து. நான் எழுதினது. அத அனுப்புன பேப்பர்ல கையெழுத்துப் போட்டதும் நான்தான்.”

அந்தச் சிறுமி கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்போம். அவள் முகம் மலர்ந்துவிட்டது. “நீங்கதானா!” என்று கத்தி, அண்ணனைக் கூப்பிட்டாள். அவன் ஓடிவந்து மூச்சிரைக்கச் சொன்னதை அவள் மொழிபெயர்த்தாள்: “நத்தைப் பெட்டியில மட்டும் ஒயரை அழகா சுருட்டிக் கட்டியிருந்ததாம். எரிக்கச் சுலபமா இருந்ததாம். அண்ணன் நன்றி சொல்றான். அடுத்த தடவையும் அப்படியே கட்டி அனுப்பச் சொல்றான்.”

அக்கா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, இருபத்தாறு பிள்ளைகள் முன்னால் அழுதார்.

மறுநாள் ஹெச்.எம். அறையில் ஒரு தாள் தயாராக இருந்தது: திரையில் தெரிந்தது எங்கள் பள்ளிப் பொருள்தான் என உறுதியாகச் சொல்ல முடியாது. அக்கா கையெழுத்துப் போட்டால் போதும். அவர் அதைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதினார்: ‘போய்ச் சேரும் இடம் தெரியாமல் கையெழுத்திட்டேன். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டது நான்.’ நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். என் பெயரைச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. நானும் வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து வந்துவிட்டேன்.

விருது போனது. ஆண்டு முடிவில் நீட்டிப்புக் கடிதம் வரவில்லை. மகளின் படிப்பை ஒரு வருடம் தள்ளி வைத்திருப்பதாக அக்காவின் கணவர் போனில் சொன்னார். இதற்கு நடுவே பிள்ளைகள் அந்த யார்டுக்கே போய்க் கேட்டு, வாசலிலேயே துரத்தப்பட்டு, துறைக்கு மனு எழுதி, இனிமேல் போகும் இடம் தெரியாமல் ஒரு பேட்டரிகூடப் பள்ளியைத் தாண்டாது என்று தாங்களே விதி போட்டிருந்தார்கள். மன்றம் யார் தலையில் விழுந்தது என்று சொல்லவும் வேண்டுமா? என் தலையில்தான்.

என் முதல் வியாழக்கிழமை. திரையில் அதே சிறுமி. வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் கேட்டாள்: “நத்தை டீச்சர் எங்கே?”

இருபத்தாறு முகமும் என்னைப் பார்த்தன. மாற்றலாகிவிட்டார் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். வரவில்லை. பிள்ளைகள் பக்கம் திரும்பி, தமிழிலேயே சொன்னேன்: “அக்கா வேலை போனதுக்கு நான்தான்டா காரணம். அந்தக் கட்டத்த விட்டுடச் சொன்னது நான்.”

அதிர்ச்சி அடைவார்கள் என்று நினைத்தேன். யாருமே அசையவில்லை. கடைசி பெஞ்ச் வாயாடி மட்டும் எழுந்தான்.

“தெரியும் சார். அன்னிக்கு லாரியில ஏத்த பெட்டியத் தூக்கிட்டு லேப் வாசல்லதான் நின்னுட்டிருந்தோம். யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு அக்கா எங்ககிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க. நீங்களா எப்ப சொல்லுவீங்கன்னுதான் பாத்துட்டிருந்தோம்.”