சீட்டில் விழுந்த பெயர்

இந்த ஊரில் புதன்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு மேல் என்னை யாராவது ஒருவர் வெளியே தள்ளுவார். பெரும்பாலும் அது ஹில்டா அம்மையாராகத்தான் இருக்கும். தொண்ணூறு வயது, சக்கர நாற்காலி, காது மந்தம், குரல் மட்டும் கணீரென்று இருக்கும். “இஷ் வெர்ஃபெ ஸீ ராவுஸ்” என்பார். உங்களை வெளியே தூக்கிப் போடுகிறேன் என்று அர்த்தம். முதல் தடவை அதைக் கேட்டபோது நான் ஜெர்மனிக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. விசாத் தாள்கள் இன்னும் அலுவலகத்தில் கிடந்தன. எழுந்து நின்று, நான் என்ன தப்பு செய்தேன் என்று கேட்டேன். அவர் மேசையிலிருந்த அட்டையைக் காட்டினார். என் சிவப்புக் காய் நின்ற கட்டத்தில் அவருடைய மஞ்சள் காய் வந்து உட்கார்ந்திருந்தது. தாயத்தில் நாம் ‘வெட்டு’ என்று ஒரே சொல்லில் முடிப்பதை இவர்கள் வாங்க போங்க என்று மரியாதை கொடுத்துச் செய்கிறார்கள்.

நான் நர்ஸாக வேலை பார்ப்பது ஒரு சர்ச் நடத்தும் முதியோர் இல்லத்தில். புதன்தோறும் இரண்டு மணிக்கு அரைமணி நேர ஜெபம். முடிந்ததும் பைபிளை ஓரமாக நகர்த்திவிட்டு அதே மேசையில் பகடையை உருட்டுவார்கள். போதகர் அம்மாவும் உட்கார்ந்து ஆடுவார், தோற்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். ஆட்டத்தின் பெயர் ‘மென்ஷ் எர்கெரே டிஷ் நிஷ்ட்’. ‘மனுஷா, கோபப்படாதே’ என்று பொருள். ஜெபம் முடிந்த கையோடு ஒருவர் இதைச் சொன்னதால், வேதவசனம் என்று நினைத்து நான் ‘ஆமென்’ சொல்லிவிட்டேன். இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் பகடையைக் கையில் எடுக்கும்போது ஒவ்வொரு தடவையும் அப்பா பின்னால் நின்று பார்ப்பது போலிருக்கும்.

கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்தில் வடக்கனந்தல் எங்கள் ஊர். அப்பா கரும்பு வெட்டப் போகிறவர். தாயம் ஆடுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது என்பார்கள், நான் பார்த்ததில்லை. முப்பது வயதில் ஞானஸ்நானம் எடுத்தவர், அடுத்த வாரமே பித்தளைத் தாயக்கட்டை இரண்டையும் கோமுகி அணையில் எறிந்துவிட்டு வந்தாராம். சிலுவையடியில் சிப்பாய்கள் ஆண்டவருடைய அங்கிக்காகச் சீட்டுப் போட்டார்கள், அந்த வகையறா விளையாட்டு நம் வீட்டுக்குள் வரக்கூடாது என்பது அவர் சட்டம். எங்கள் ஊரில் சீட்டு என்றால் ஐம்பத்திரண்டு அட்டைகள். சிலுவைக்குக் கீழே நாலு பேர் துண்டை விரித்து ரம்மி ஆடுவதாகத்தான் நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதே அப்பாதான் வீட்டில் எந்த முடிவென்றாலும் திருவுளச்சீட்டு போடுவார். துண்டுத் தாள்களில் எழுதி, மடித்து, டம்ளரில் போட்டுக் குலுக்கி, ஜெபம் பண்ணி, ஒன்றை எடுக்கச் சொல்வார். எனக்கு எந்தப் பள்ளிக்கூடம், தம்பிக்கு என்ன பெயர், எல்லாம் டம்ளரிலிருந்து வந்தவைதான். யூதாஸ் விட்டுப்போன இடத்துக்கு ஆள் எடுக்க அப்போஸ்தலர்களே சீட்டுப் போட்டார்களே என்பார். அம்மா விடமாட்டார். “சிப்பாயி போட்டா பாவம், நீங்க போட்டா ஜெபமா?” என்று கேட்பார். அப்பா டம்ளரை இன்னும் வேகமாகக் குலுக்குவார்.

நானும் தம்பி சாமுவேலும் நர்சிங் படித்தோம். இருவருமே ஜெர்மன் பரீட்சையில் தேறி, இருவருக்குமே ஒரே வாரத்தில் அழைப்பு வந்தது. அதற்கு முந்தின மாதம்தான் பக்கவாதம் வந்து அம்மாவுக்கு வலப்பக்கம் விழுந்திருந்தது. ஒருவர் போகலாம், ஒருவர் இருந்தே ஆக வேண்டும். ஒரு காலை நேரம், அப்பா இரண்டு தாளில் இரண்டு பெயர் எழுதினார். எடுக்கிற தாளில் இருப்பவர் போக வேண்டியது. சாமுவை எடுக்கச் சொன்னார். அவன் பிரித்தான், படித்தான், நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். அக்கா பேர்தான் என்று சொல்லி, தாளைக் கசக்கி, வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டான். நான் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். பிரிவுத் துயரம் என்று எல்லோரும் நினைத்தார்கள். உள்ளே எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஆண்டவரே என்னை அனுப்பினார் என்பதைவிடப் பெரிய தெம்பு வெளிநாட்டில் வாழ்கிறவளுக்கு வேறென்ன வேண்டும்? விரல் மரத்துப்போகும் குளிரிலும், அம்மாவின் அடக்கத்தைப் போன் திரையில் பார்த்த அன்றும் அதைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். இங்கே சர்ச்சில் சாட்சியும் சொன்னேன். ஜெர்மனில் சீட்டுக்கு ‘லோஸ்’ என்று பெயர். ஆண்டவர் என்னை லோஸ் போட்டு அனுப்பினார் என்றேன். கூட்டம் முடிந்ததும் ஹில்டா அம்மையார் என் கையைப் பிடித்து, லாட்டரியில் அவ்வளவு பெரிய பரிசா விழுந்தது என்று கேட்டார். ‘லோஸ்’ என்றால் ‘கிளம்பு’ என்றும் ஒரு பொருள் உண்டு. அந்தச் சிலேடையை எனக்காகவே வைத்தது போல நான் பூரித்துப் போயிருந்தேன்.

சாமு இப்போது கல்வராயன் மலைமேல் ஒரு சுகாதார நிலையத்தில் நர்ஸ். கச்சிராயபாளையத்திலிருந்து மலை ஏறும் சாலையில் ஒரு வளைவில் மட்டும் அவன் போனுக்கு சிக்னல் கிடைக்கும். தினமும் அங்கே வண்டியை நிறுத்திக் கூப்பிடுவான். சாப்பிட்டாயா, ரோட்டில் பனி கிடக்கிறதா, பார்த்து நட. இதற்கு மேல் பேச்சு இருக்காது. ஒருநாள் எடுக்காவிட்டால் பதினெட்டு தடவை கூப்பிட்டிருப்பான். நான் என்ன பச்சைக் குழந்தையா என்று எரிந்து விழுந்திருக்கிறேன்.

அப்பா போன வருஷம் போய்ச் சேர்ந்தார். இந்தக் குளிர்காலத்தில் ரிஷிவந்தியத்துப் பெண் ஒருத்தி இங்கே படிக்க வந்தாள். அவளிடம் அப்பாவின் பைபிளைச் சாமு கொடுத்து அனுப்பியிருந்தான். அப்போஸ்தலர்கள் சீட்டுப் போட்ட பக்கத்தில் மடித்த துண்டுத் தாள் ஒன்று இருந்தது. அப்பாவின் கோணல் எழுத்தில் ‘எஸ்தர்’ என்று என் பெயர். என்னை அனுப்பிய சீட்டை இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்தாரே என்று முதலில் நெகிழ்ந்துபோனேன். தாளை முத்தமிட்டேன் என்றுகூடச் சொல்லிவிடுகிறேன். பிறகுதான் உறைத்தது. எடுத்த சீட்டு அடுப்பில் எரிந்துபோனது. இது டம்ளரில் மிச்சமிருந்தது. மிச்சத்தில் என் பெயர் என்றால், சாமு எடுத்ததில் இருந்தது அவன் பெயர்.

அடுத்த புதன்கிழமை ஆட்டத்தில் ஹில்டா அம்மையார் பகடையை என் பக்கம் தள்ளி, “ஸீ ஸிண்ட் ட்ரான்” என்றார். உங்கள் முறை. என் முறைதானா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. இவர்கள் பகடையிடம் ஒரு எண்ணை மட்டும்தான் கேட்கிறார்கள். ஆறு விழுந்தால் ஆறு, அவ்வளவுதான். நாங்கள் டம்ளரிடம் வாழ்க்கையைக் கேட்டோம், வந்த பதிலை மாற்றியும் சொல்லிவிட்டோம். உடம்பு சரியில்லை என்று எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் சாமு கூப்பிட்டபோது நேராகவே கேட்டேன். வளைவில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போனது.

“ஆமாக்கா. என் பேருதான் வந்துச்சி.”

எனக்காகவா விட்டுக்கொடுத்தாய் என்று அழுதேன்.

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல. எனக்கு பயமா இருந்துச்சி. அம்மாவ வுட்டுட்டு அவ்ளோ தூரம் போய் இன்னா பண்றதுன்னு. உனக்குப் போவணும்னு ஆசை, மூஞ்சில தெரிஞ்சுது. வாயில உன் பேரு வந்துட்ச்சி.”

தியாகம் என்றால் தாங்கியிருப்பேன், பயம் என்றானே. பிறகு, நான் கேட்காமலே, மீதியையும் சொன்னான். சீட்டுப் போட்ட அன்று மாலையே அப்பா அவனை மாட்டுக் கொட்டகைக்குக் கூப்பிட்டாராம். மிச்சச் சீட்டு அவர் கையில் இருந்ததாம்.

“கர்த்தரு உன்னதான் சொன்னாரு, நீ அவள அனுப்புற. இனிமே அங்க அவளுக்கு இன்னா ஆனாலும் நீதான் பதில் சொல்லணும்னாரு. அவ்ளோதான். அப்புறம் வூட்டுல சீட்டே போடல. நீ போன் எடுக்கலன்னா அந்த வளைவ வுட்டு வண்டிய எடுக்கவே தோணலக்கா.”

எட்டு வருஷம். நான் எரிந்து விழுந்த அத்தனை நாளும் என் உயிருக்கு அவன் ஜாமீன் நின்றிருக்கிறான். அவன் சீட்டை எடுத்தபோது, என் பேர் வரட்டும், அம்மாவின் கட்டிலை விட்டு நான் ஓட வேண்டும் என்றுதான் ஜெபித்துக்கொண்டிருந்தேன் என்று அவனிடம் ஒப்புக்கொண்டேன். எனக்கு எது நடந்தாலும் அது என் பொறுப்பு, உன்னை அதிலிருந்து விடுவித்துவிட்டேன் என்றும் சொன்னேன்.

“நீ சொன்னா ஆச்சா?” என்றான். அந்தப் பொறுப்பை அவன் தலையில் கட்டியவர் மண்ணுக்குள் போய்விட்டார். வேறு யாரால் அவிழ்க்க முடியும்?

அந்த ஞாயிறு சர்ச்சில், பெயர் சொல்லி மெழுகுவர்த்தி ஏற்றி ஜெபிக்கும் நேரம் வந்தது. நான் முன்னால் போனேன். சாமுவேலுக்காக என்றேன். இங்கே இருக்க வேண்டியவன் அவன், அவன் இல்லாத இடத்தில் நான் இருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். என் மொழி அவர்களுக்கு வேறு மாதிரி போய்ச் சேர்ந்திருக்கிறது. வாசலில் வரிசையாக வந்து கைகொடுத்தார்கள். “மைன் பைலைட்” என்றார்கள். நம் ஊரில் துக்கம் விசாரிப்போமே, அது. கடைசியாக ஹில்டா அம்மையார் என் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு, தம்பிக்கு என்ன வயது என்று கேட்டார். முப்பத்தொன்று என்றேன். அவர் கண் கலங்கியது. திருத்தியிருக்க வேண்டும்.

அப்போது கோட்டுப் பையில் போன் அதிர்ந்தது. அம்மையார் பிடியை விடவில்லை. இன்னொரு கையால் எடுத்தேன்.

“எங்கக்கா இருக்க?” என்றான் சாமு.

“உன் எடத்துலதாண்டா” என்றேன்.