மறுபக்கம் பிடிக்க ஓர் ஆள்

பழைய ஸ்போர்ட்ஸ் காரின் பைபர் பானட்டுக்குக் கனமே கிடையாது. அகலம்தான் பாடு. ஒரே ஆள் ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினால் அது முறுக்கிக்கொள்ளும். முறுக்கினால் விரிசலை ஒட்டிய இடம் விட்டுப்போகும். அதனால் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று இரண்டு பேர் வேண்டும்.

அந்தக் கார் அரியலூரில் லாரிகள் வைத்திருப்பவருடையது. இரண்டு பேர்தான் உட்காரலாம். மூக்கும் முன்சக்கரங்களை மூடும் பகுதியும் சேர்ந்து ஒரே பானட். திறந்தால் காரின் முன்பாதியே எழுந்து நிற்கும். வேகம் எடுத்தால் படபடவென்று அடித்துக்கொண்டது. கீல்களுக்கு அருகே நீளமாக விரிசல் விட்டிருந்தது. பெரம்பலூரில், அரியலூர் ரோட்டில் இருக்கும் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் தகரம் தட்ட ஒரு டிங்கர் இருந்தார், ஒரு பெயிண்டர் இருந்தார். பைபர் வேலை தெரிந்தவள் நான் மட்டும்தான். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படித்தபோது கற்றது. படிப்பு முடிந்து ஒர்க்‌ஷாப்பில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். தனியாகவே செய்து தருகிறேன் என்று எல்லோர் முன்னாலும் முதலாளியிடம் சொன்னேன். பானட் சரியாக வந்தால் அடுத்த வேலையும் எனக்கு என்றார். வராவிட்டால் கார் சென்னைக்கு, நான் பழையபடி பில் மேஜைக்கு.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். குன்னம் பக்கத்தில் எங்கள் ஊரில், மகள் கார் இன்ஜினியர் என்று அப்பா சொல்லிக்கொள்வார். டிப்ளமோதான் என்று நான் திருத்தியதில்லை. அந்தச் சொல் எனக்குப் பொருந்தும் என்றுதான் அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

பானட்டைக் கழற்றிய அன்று டிங்கரும் பெயிண்டரும்தான் தூக்கி ட்ரம்களின் மேல் மல்லாத்தி வைத்தார்கள். மறுநாள் டீக்கடையில் அந்த வேலை முழுக்க அவர்கள் செய்ததாகவே பேச்சு. அதற்குப் பிறகு நான் யாரையும் கூப்பிடவில்லை. விரிசலை உட்புறமாகத் தேய்த்து, கண்ணாடி இழை மேட் வைத்து, ரெசின் பசை தடவினேன். வெயிலில் ரெசின் டப்பாவிலேயே கட்டிக்கொள்ளும் என்பதால், அதை இறுக வைக்கும் ஹார்ட்னரைக் குறைத்துக் குறைத்து விட்டேன். சிமெண்ட் லாரிகளின் தூசி ஈரத்தில் ஒட்டாமலிருக்க வாசலெல்லாம் தண்ணீர் தெளித்தேன். பானட் ஆடாமலிருக்க உட்புறம் விலா எலும்பு போல வரிசையாகப் பட்டைகள் வேண்டும். ஜவுளிக்கடையில் துணி சுற்றி வரும் அட்டைக் குழாய்களை வாங்கி நெடுக்காக இரண்டாகப் பிளந்து, கவிழ்த்து வைத்து, மேலே மேட் போட்டு ஒட்டினேன்.

சனிக்கிழமை வீட்டுக்குக் கிளம்பும்போது டிங்கர் திரும்பிப் பார்த்தார். "நாளைக்கு மாட்டணுமே. ஒரு போன் போடுங்க மேடம், வந்து தூக்கிக் குடுத்துட்டுப் போறோம்."

"வேண்டாங்க, பாத்துக்கறேன்."

"படிச்சவங்க. ஒத்தையாவே தூக்கிருவாங்க" என்றார் பெயிண்டர். சிரித்துக்கொண்டே போனார்கள்.

கார்க்காரர் திங்கட்கிழமை காலையில் வருவார். ஞாயிற்றுக்கிழமை ஷெட்டைத் திறந்து உள்ளே போனேன். ட்ரம்களின் மேல் பானட் வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தது. உத்தரத்தில் கயிறு கட்டிப் பார்த்தேன். ஸ்டூல்களை அடுக்கிப் பார்த்தேன். எப்படிச் செய்தாலும் ஒரு மூலை தொங்கியது. போனில் பெயர்களைத் தள்ளினேன். கூடப் படித்த ஒருத்தி திருப்பூரில். இன்னொருத்தி வரதராஜன்பேட்டையில் கைக்குழந்தையோடு. கூப்பிட்டால் வருகிற தூரத்தில் எனக்கென்று யாரும் இல்லை. அப்போதுதான் அம்மா கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆயிற்றே, கறி எடுத்தாயா என்று கேட்டாள். எடுத்தேன் என்றேன். காலையில் வாங்கிய பன் பையிலேயே இருந்தது.

மதியம் ரோட்டோடு வந்த ஒரு அம்மா வாசல் வேப்பமரத்தடியில் தலையிலிருந்த சோளத்தட்டைக் கட்டை இறக்கிவிட்டுத் தண்ணீர் கேட்டார். குடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இம்மாம் பெரிய தொட்டி. எத்தனை மாட்டுக்குத் தண்ணி காட்டுவாங்க இதுல?"

"தொட்டி இல்லைங்க, காரு மூடி."

"அப்ப ஏன் மல்லாந்து கெடக்கு?" என்று சொல்லிவிட்டு, சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு கட்டின் அருகே போனார். "சித்த தூக்கி வுடு ஆயி."

தலைச்சுமைக்காரர்கள் அப்படித்தான் கேட்பார்கள். ரோட்டில் போகிற யாரிடமும் கேட்கலாம். கேட்டால் யாரும் மறுப்பதில்லை. நானும் சின்ன வயதில் எத்தனையோ பேருக்குத் தூக்கிவிட்டிருக்கிறேன். குனிந்து கட்டின் மேல் கை வைத்தவள் அப்படியே நிமிர்ந்தேன்.

"அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு கை புடிக்கறீங்களா?"

அவர் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தார். ஒரு பக்கம் தாழ்ந்துவிடக் கூடாது என்றேன். "தாந்தா கட்டு சரிஞ்சிராது?" என்றார். இரண்டு பேரும் ஒரே மூச்சில் தூக்கித் திருப்பினோம். காருக்கு மேலே கொண்டுபோய்க் கீலில் உட்கார வைத்தோம். நான் போல்ட் முடுக்கி முடிக்கும்வரை அவர் பின்விளிம்பைத் தாங்கிக்கொண்டு நின்றார்.

"ஒண்டியாவா இருக்க இங்க?"

"வேலை இருக்குல்லங்க" என்றேன்.

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன்.

கட்டைத் தூக்கி அவர் தலையில் வைத்தேன். அவர் நடக்க ஆரம்பித்த பிறகுதான் பானட்டை மெதுவாக இறக்கி மூடினேன். கதவோரத்து இடைவெளி இரண்டு பக்கமும் நூல் பிடித்தாற்போல் ஒரே சீராக இருந்தது. அவரிடம் காட்ட வேண்டும் என்று வாசலுக்கு ஓடினேன். லாரித் தூசியில் அந்தக் கட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தது. தலையில் அவ்வளவு சுமை இருப்பவரைத் திரும்பிப் பார்க்கச் சொல்ல முடியாது. நான் கூப்பிடவில்லை.

திங்கட்கிழமை கார்க்காரர் உள்ளங்கையால் பானட்டை அங்கங்கே அழுத்திப் பார்த்தார். அசையவில்லை. ஹைவே வரை ஓட்டிப் போய்வந்தார். ஒரு சத்தமும் இல்லை என்றார். அடுத்து இரண்டு கதவுகளையும் இந்தப் பெண்ணே செய்யட்டும் என்று முதலாளியிடம் சொன்னார்.

டிங்கர் பானட்டைச் சுற்றி வந்தார். போல்ட்டைத் தடவிப் பார்த்தார்.

"மறுபக்கம் யாரு மேடம் புடிச்சா?"

"ரோட்டுல போனவங்க."

கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்துவிட்டார். நான் விளக்கவில்லை. இடது கதவைக் கழற்றி, தோளில் சாய்த்து, என் மூலைக்கு எடுத்துப் போனேன். கதவு சின்னது. ஒரு ஆள் போதும்.