சத்தத்துக்கு முன்னே வந்த சிரிப்பு

2006ஆம் ஆண்டு, மழை விடாத ஒரு ஜூன் மாதம். இலங்கை மலையகத்தில், நோர்வூட்டுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். என் கணவர் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிளாக்கர். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. மகளுக்குப் பத்து மாதம்.

அவருக்குக் கீபோர்டு வாசிப்பது என்றால் உயிர். மகளுக்குக் காது குத்தும் நாளில் கோவில் ஸ்பீக்கரில் போட வேண்டும் என்று தானே ஒரு பாட்டுக் கட்டி, பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் பதிவு செய்யத் தொடங்கினார். கீபோர்டை வயரால் கம்ப்யூட்டரோடு இணைத்திருந்தார். கட்டையை அமுக்கினால் கம்ப்யூட்டர்தான் அந்தச் சுரத்தை உண்டாக்கி ஸ்பீக்கரில் தரும். அதில்தான் தொல்லை. அமுக்கிக் கொஞ்சம் கழித்தே சத்தம் வந்தது.

"நான் நோர்வூட்ல அமுக்குறேன். சத்தம் ஹட்டன்ல இருந்து பஸ் புடிச்சு வருது" என்பார். சிரித்தாலும், தாளம் தப்பித் தப்பி அவருக்கு வெறுத்தே போனது.

எனக்கு வேறு கவலை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மகள் சில நேரம் திரும்புவாள், பல நேரம் திரும்ப மாட்டாள். மாமியாரிடம் சொன்னேன்.

"ஒனக்குப் படிச்ச கொழுப்பு. நான் வாசல்ல கால வச்சாலே திரும்பிப் பாக்குறா. காது கேக்காமத்தான் பாக்குறாளாக்கும்?"

அது உண்மைதான். யார் நடந்து வந்தாலும் திரும்புவாள். வீணாக நினைத்துப் பிள்ளைக்கு நானே குறை தேடுகிறேனோ என்று வெட்கமாக இருந்தது.

ஒரு ஞாயிறு பின்னேரம். தாழ்ந்த பெஞ்சில் கீபோர்டு. மகள் அந்தப் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் அமுக்க அமுக்கச் சிரித்தாள். துணி மடித்துக்கொண்டே பார்த்த எனக்கு ஏதோ இடறியது. அவர் அமுக்கினார். அவள் சிரித்தாள். அதற்குப் பிறகுதான் சத்தம் வந்தது.

"என்னங்க, சத்தம் வர்றதுக்கு முன்னாலயே சிரிக்கிறா."

"என் வெரலப் பாத்துச் சிரிக்கிறா. டீச்சருக்கு எதுலதான் சந்தேகம் இல்ல?"

ஹட்டனில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் நண்பர் சொல்லிக்கொடுத்த வழியை அன்றுதான் அவர் செய்து பார்த்தார். கம்ப்யூட்டர் சத்தத்தைக் கொஞ்சம் சேர்த்து வைத்துத்தான் வெளியே விடுமாம். சேர்த்து வைக்கும் அளவைக் குறைத்தால் சீக்கிரம் வருமாம். அவர் படிப்படியாகக் குறைத்தார். ஒரு கட்டத்தில் கரகரவென்று இரைந்தது. ஒரு படி ஏற்றினார். விரலும் சத்தமும் ஒன்றாகிவிட்டன.

"வந்துருச்சு புள்ள!" என்று துள்ளினார்.

மகளும் சிரித்தாள். இப்போது சத்தமும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. யார் பார்த்தாலும் கேட்டுத்தான் சிரிக்கிறாள் என்பார்கள். நானும் அப்படியே நினைத்துக்கொண்டு துணியை மடித்திருக்கலாம். முடியவில்லை.

"என்னங்க, பழையபடி பிந்தி வர்ற மாதிரி வைங்க."

"வெளயாடுறியா? இத்தன நாள் பட்டது போதாதா?"

"இன்னுங் கூடப் பிந்துற மாதிரி வைங்க."

என் முகத்தைப் பார்த்தார். பிறகு சேர்த்து வைக்கும் அளவை முழுவதுமாகக் கூட்டினார். ஒரு கட்டையை ஓங்கி அமுக்கினார். மகள் சிரித்தாள். சிரித்து முடித்து, அடுத்து எப்போது என்பது போல அவர் விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் ஸ்பீக்கரில் சத்தம் வந்தது. அவள் முகத்தில் ஓர் அசைவும் இல்லை.

இன்னொரு முறை அமுக்கினார். அதற்குப் பிறகு அமுக்கவில்லை.

பிள்ளையைத் தூக்கி ஜன்னல் பக்கம் பார்க்கிற மாதிரி என் மடியில் வைத்தார். பதிவு செய்திருந்த பாட்டை முழுச் சத்தத்தில் போட்டார். அவள் என் தாலிக்கொடியை இழுத்து விளையாடிக்கொண்டிருந்தாள். "என்னடா இது, காது கிழியுது!" என்று சமையலறையிலிருந்து மாமியார் பலகைத் தரையில் தடதடவென்று நடந்து வந்தார். தரையில் நின்றால் அந்த அதிர்வுக்கு எப்போதும் திரும்புகிறவள், மடியில் இருந்ததால் அன்று திரும்பவில்லை. மாமியார் அப்படியே நின்றுவிட்டார். அவருக்கும் விளங்கிவிட்டது.

கண்டியில் பரிசோதித்த டாக்டர் முடிவைச் சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். அதைக் கணவர் எனக்குத் தமிழில் சொல்லவில்லை. எனக்கும் விளங்கியது அவருக்குத் தெரியும்.

குறித்த நாளிலேயே காது குத்து நடந்தது. வேண்டாம் என்று சொல்ல எங்களுக்குத் தைரியம் வரவில்லை. ஊசி பட்டதும் வீரிட்டு அழுதாள். பிறகு என் அண்ணன் மடியிலேயே, ஸ்பீக்கருக்கு நேர் கீழே தூங்கிப்போனாள். அப்பாவின் பாட்டு ஒரு தாளம் பிசகாமல் ஓடியது. "என்னா அமைதியான புள்ள" என்று வந்தவர்கள் சொன்னார்கள். நான் தலையாட்டினேன்.

இப்போது மகள் கைகளால் பேசக் கற்றுக்கொடுக்கும் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். என்னைவிட வேகமாகப் பேசுகிறாள். சீக்கிரம் கண்டுபிடித்தது நல்லது என்கிறார்கள். இருக்கலாம். ஆனாலும் அந்தப் பின்னேரம் எனக்குக் கொடுத்த ஒரு பழக்கம் இன்னும் விடவில்லை: வேலை நேரத்துக்குத் தோட்டத்துச் சங்கு ஊதும்போதெல்லாம், எல்லாம் தெரிந்த பிறகும், நான் முதலில் அவள் முகத்தைத்தான் பார்க்கிறேன்.