எடித் அக்காவின் எரிச்சல்

மன்னார்த் தீவில் அந்த நண்டுக் கொம்பனி திறந்த முதல் கிழமையே எடித் அங்கே வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். பக்கத்துத் தோட்டவெளிக் கிராமத்துக்காரி. சண்டைக் காலத்தில் தாய் தகப்பனோடு வள்ளமேறி இந்தியாவுக்குப் போய், மண்டபம் முகாமில் வளர்ந்து, திரும்பி வந்து கிறகரியைக் கட்டியவள். கிறகரி கடலில் நண்டு வலை போடுகிறவன். அவன் பிடித்த நண்டை எடித்தின் கொம்பனி அவித்து, சதை எடுத்து, டின்னில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும்.

சில வருடங்களில் எடித் சுப்பவைசர் ஆனாள். ஆனால் அந்தப் பதவியைவிட அவளுக்குப் பெரிதாக இருந்தது வேறொன்று. நண்டு ஓடு ஒரு பெண்ணின் விரலைக் கிழித்தாலும், ஈரத்தில் ஒருத்தி சறுக்கி விழுந்தாலும், வீட்டில் புருஷன் அடித்துவிட்டாலும் அந்தப் பெண்கள் முதலில் தேடி வருவது எடித்தைத்தான். எடித் தன் பையிலிருந்து பிளாஸ்டரை எடுத்து ஒட்டுவாள்.

"மூச்சுக் காட்டாதை. கந்தோருக்குத் தெரிஞ்சால் உன்ரை வேலைதான் போகும்" என்பாள்.

அது சும்மா பயமுறுத்தல் இல்லை. தொடக்க காலத்தில் காயப்பட்ட பெண்களைக் கந்தோரில் இருந்த மேலதிகாரிகள் உண்மையிலேயே வேலையை விட்டு நிறுத்தினார்கள். அதனால் எடித் மறைப்பதைக் காப்பாற்றுவது என்றே நினைத்தாள். வாசலில் விபத்தில்லாத நாட்களைக் காட்டும் பலகையில் எண் ஏறிக்கொண்டே போனது. அதைக் கடந்து போகும்போதெல்லாம் அந்த எண் தன்னுடையது என்று ஒரு நிமிர்வு அவளுக்கு வரும்.

பிறகு வெளிநாட்டில் நண்டு வாங்குகிறவர்கள், தொழிலாளரின் பாதுகாப்பைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டார்கள். கொழும்பிலிருந்து ஒருவர் வந்து எல்லோரையும் தனித்தனியே கூப்பிட்டுப் பேசினார். அந்த வேலை எடித்துக்குத்தான் என்று வாசல் காவலாளிகூடச் சொன்னான். எடித் அன்று தலையில் பூ வைத்துக்கொண்டு போனாள்.

"நான் வந்த நாளிலேயிருந்து இஞ்சை ஒரு சின்னக் கீறல்கூட இல்லை சேர்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

அவளுக்குப் பின் உள்ளே போனவள் துஷ்யந்தி. நறுவிலிக்குளத்துப் பெண், மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். எடித்திடம்தான் வேலை பழகியவள். அவள் தன் கையில் கிடந்த பழைய வெட்டுக்காயத்தைக் காட்டி, யார் எங்கே சறுக்கினார்கள், எந்தக் கதவு இறுகிப் போய்க் கிடக்கிறது என்று எல்லாவற்றையும் சொன்னாளாம். அடுத்த மாதம் அந்தப் பாதுகாப்பு வேலையும், அதற்கான பச்சை ஜாக்கெற்றும், கந்தோரில் ஒரு கதிரையும் துஷ்யந்திக்குக் கிடைத்தன.

என்னிடம் பழகிவிட்டு என்னையே காட்டிக்கொடுத்தாளே என்று எடித் கருவினாள். மனதுக்குள் அவளுடைய ஊரையும் ஆட்களையும் சேர்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். சொன்னதும் தனக்கே கூசியது. ஆனாலும் அந்த வார்த்தை உள்ளேயே கிடந்தது.

துஷ்யந்தி ஒரு புது வழக்கம் கொண்டுவந்தாள். காலையில் வேலை தொடங்குமுன் எல்லோரையும் வட்டமாக நிறுத்தி, "நேற்று ஆராவது மயிரிழையிலை தப்பினீங்களோ? சொல்லுங்கோ. ஆரும் ஏசமாட்டினம்" என்று கேட்பாள். முதலில் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒருத்தி சொன்னாள். அன்று மத்தியானமே அவள் சொன்ன இடத்துக் குழாய் திருத்தப்பட்டது. அதற்குப் பிறகு சொல்வதற்குப் போட்டி. தேத்தண்ணி நேரத்தில் பெண்கள் துஷ்யந்தியைச் சுற்றி நின்று சிரித்தார்கள். எடித்தின் மடியிலேயே வளர்ந்தவள்போல இருந்த ஜஸ்ரின்கூட, ஒருநாள் துஷ்யந்தியின் காதுக்குள் எதையோ சொல்லிக் கண்ணைத் துடைத்தாள். எடித்துக்கு அன்று தேத்தண்ணி இறங்கவில்லை.

நெருப்புப் பிடித்தால் வெளியே ஓடிப் பழகும் நாளில் மழை கொட்டியது. துஷ்யந்தியின் ஏற்பாடு நாறப்போகிறது என்று எடித் உள்ளூரக் குளிர்ந்தாள். ஆனால் பெண்கள் நனைந்துகொண்டு கூச்சலிட்டு ஓடினார்கள். கிழமை முழுக்க அதையே சொல்லிச் சிரித்தார்கள்.

"அந்தப் பிள்ளை உனக்கு என்னதான் செய்தது?" என்று கிறகரி கேட்டான்.

"ஒண்டும் செய்யேல்லை" என்றாள் எடித். "செய்திருந்தால் சண்டையாவது பிடிப்பன்."

நண்டு அவிக்கும் இரண்டாம் பானையின் மூடியில் இருந்த ரப்பர் தேய்ந்து, ஓரத்தால் ஆவி சீறத் தொடங்கியிருந்தது. எடித் அதைக் கேட்டாள். துஷ்யந்தியிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்பதாலேயே கேளாதவள்போல இருந்தாள். இரண்டு நாள் கழித்து அவளே அந்த மூடியைத் தொட்டபோது, ஆவி பக்கவாட்டில் பாய்ந்து முன்கையைச் சுட்டது. உயிர் போய் வந்தது. பச்சை ஜாக்கெற் கூப்பிடு தூரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. ஒரு சத்தம் போட்டால் போதும்.

இவளிடமா?

எடித் உதட்டைக் கடித்துக்கொண்டு சட்டைக் கையை இழுத்துவிட்டாள். மறுநாள் காலை வட்டத்தில் துஷ்யந்தி வழக்கம்போலக் கேட்டபோது, எடித் கையை ஏப்ரனுக்குள் மறைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள். அந்தப் பானைக்கு வேறு ஆளை விடாமல் தானே நின்றுகொண்டாள். மூடியைத் துணி சுற்றித் திறந்தாள்.

கொப்புளம் உடைந்து சீழ் வைத்தது. காய்ச்சலும் வந்தது. அந்த நேரம் பார்த்துக் காற்றுக் கிளம்பிக் கடல் கொந்தளிக்க, நண்டு வரவில்லை. கொம்பனிக்கு லீவு விட்டார்கள். மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போனால் தெரிந்த முகம் நூறு நிற்கும் என்று எடித் பஸ் ஏறிப் பாலத்தைக் கடந்து முருங்கன் ஆஸ்பத்திரிக்குப் போனாள். மருந்து கட்டும் அறைக்கு வெளியே நீள வாங்குப் பலகையில் இருந்தபோது, பக்கத்தில் ஒரு வயதான மனிதர் வந்து இருந்தார்.

"நீங்கதானே எடித் அம்மா? எம்மக போன்ல ஒங்க போட்டோவ காட்டியிருக்கு. நான் நல்லையா. துஷ்யந்தியோட அப்பா" என்றார் அவர். "வேல பழக்கிவிட்டதே நீங்கதான்னு தெனமும் சொல்லும்."

எடித்துக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. கெட்டவளாக இருந்து தொலைத்தால் என்ன அந்தத் துஷ்யந்திக்கு? தகப்பனின் பிரஷர் குளிசைகளை வாங்கிக்கொண்டு துஷ்யந்தி வந்துவிட்டாள். கையைத்தான் முதலில் பார்த்தாள்.

"ஐயோ அக்கா, என்ன நடந்தது?"

"வீட்டை. குசினியிலை. சோறு வடிக்கேக்கை."

துஷ்யந்தி குனிந்து புண்ணைக் கிட்டப் பார்த்தாள். பிறகு, "சரி அக்கா. நாளைக்குக் கொம்பனி திறக்கேக்கை வராதேங்கோ, லீவு எடுங்கோ. ரெண்டாம் பானைக்கு நான் ஜஸ்ரினை விடுறன்" என்றாள்.

ஜஸ்ரின் குள்ளம். அந்த மூடியின் ஓரம் அவளுடைய முகத்துக்கு நேரே நிற்கும்.

"ஜஸ்ரின் வேண்டாம்!" எடித் போட்ட சத்தத்தில் வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலைத் தாழ்த்தினாள். "அந்த மூடி ரப்பர் தேஞ்சு போச்சுது. அதிலைதான் பட்டது. போன கிழமை."

துஷ்யந்தியின் முகம் சிவந்தது. "போன கிழமையோ? நாங்கள் எல்லாரும் அதுக்குப் பக்கத்திலை நிண்டிருக்கிறம் அக்கா." மூச்சை இழுத்து விட்டாள். "எனக்குச் சரியான கோபம் வருது. ஆனா உங்களை ஏசினால் நாளைக்கு வேறை ஆரும் எனக்குச் சொல்லமாட்டினம்."

"ஏன் சொல்லேல்லை எண்டு கேளன்."

"ஏன்?"

"நீ எண்டபடியால்."

நல்லையா செருப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். துஷ்யந்தி வந்து எடித்துக்குப் பக்கத்தில் வாங்கில் இருந்தாள். "அது எனக்குத் தெரியும் அக்கா" என்றாள்.

அடுத்த நாள் லீவு எடுக்கச் சொல்லியும் எடித் கொம்பனிக்குப் போனாள். துஷ்யந்தி நடந்ததை அறிவித்திருந்ததால், மனேஜர் றெனால்ட் இருவரையும் கந்தோருக்குக் கூப்பிட்டார். அவருடைய கவலை வாசல் பலகை. அடுத்த கிழமை வெளிநாட்டுக்காரர் வருகிறார்கள். எண்ணைப் பூச்சியமாக்கினால் என்ன நினைப்பார்கள்? விபத்தில்லாமல் இருந்தால் இந்த முறை வருட முடிவில் எல்லோருக்கும் தருவதாகச் சொன்ன விருந்தும் இல்லாமல் போகும்.

"ரப்பரை இண்டைக்கே மாத்துவம், அதிலை பிரச்சினை இல்லை" என்றார். "ஆனா காயம் வீட்டிலை பட்டதெண்டு விட்டால் என்ன? எடித், நீங்கள் பழைய ஆள். உங்களுக்கு விளங்கும்."

எவ்வளவு காலத்துக்குப் பிறகு அந்தப் பார்வை! துஷ்யந்தி வருவதற்கு முன் அவர் எடித்தை அப்படித்தான் பார்ப்பார்: நீ என்னுடைய ஆள் என்பதுபோல. ஓம் என்று ஒரு சொல் போதும். பச்சை ஜாக்கெற்காரி தோற்றுப் போவாள். அந்தச் சொல் எடித்தின் நாக்கின் நுனிவரை வந்தது. துஷ்யந்தி கெஞ்சவுமில்லை, முறைக்கவுமில்லை. கண்ணாடிக்கு வெளியே, வேலை தொடங்கக் காத்துக்கொண்டு ஜஸ்ரின் கையுறை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"இல்லை சேர்" என்றாள் எடித். "பானையிலைதான் பட்டது. எனக்கு முன்னமே தெரியும், சொல்லேல்லை."

துஷ்யந்தி போய்ப் பலகையைப் பூச்சியமாக்கினாள். வந்த வெளிநாட்டுக்காரர், பூச்சியத்தைக் காட்டத் துணிந்த இடம் என்று துஷ்யந்தியைத்தான் கைகுலுக்கிப் பாராட்டினார்கள். விருந்து போன கோபத்தை மட்டும் பெண்கள் எடித்தின் மேல் காட்டினார்கள். இரண்டு பேர் சில நாள் முகம் கொடுத்தே பேசவில்லை. நல்லது செய்தாலும் பேர் அவளுக்கு, ஏச்சு எனக்கு என்று எடித் கிறகரியிடம் புலம்பினாள். அவன் வலையில் சிக்கிய பாசியைக் கழற்றிக்கொண்டே கேட்டான்.

கை ஆறும்வரை எடித்தை டின் அடுக்கும் மேசையில் விட்டார்கள். ஒருநாள் ஐஸ் அறைக்குப் போகும் வழியில் ரப்பர் விரிப்பு நழுவுவதைக் கண்டாள். அரை மணித்தியாலம் தனக்குள் சண்டை பிடித்தாள். பிறகு எழுந்து போய், துஷ்யந்தியின் முகத்தைப் பார்க்காமல், "அந்த விரிப்பு நழுவுது. ஆராவது விழப்போகினம்" என்றாள்.

"நன்றி அக்கா. இப்பவே பாக்கிறன்."

எல்லோருக்கும் சொல்கிற அதே குரலில்தான் சொன்னாள். ஒரு சொல் கூடவுமில்லை, குறையவுமில்லை. அதுதான் எடித்துக்குப் பொறுக்கவில்லை. விறுவிறென்று மேசைக்குத் திரும்பி, டின்களைத் தேவைக்கு மேல் சத்தமாக அடுக்கினாள். ஆனாலும் அடுத்த நாள் காலை வட்டத்தில் முதல் ஆளாகக் கையை உயர்த்தியவளும் அவள்தான்.