சாமி மேடையில் வெப்பமானி

நான் என்ன வேலை செய்கிறேன் என்று என் அம்மாவுக்குப் பல தடவை விளக்கிப் பார்த்துவிட்டேன். தோட்டத்தை அழித்து வீடு கட்டினால் அந்த மண்ணுக்கும் அங்கே வாழ்கிறவர்களுக்கும் என்ன ஆகிறது, மரம் இருக்கிற தெருவும் இல்லாத தெருவும் எப்படிச் சூடேறுகின்றன, இதைத்தான் பல்கலைக்கழகத்தில் ஒரு குழுவாக ஆராய்கிறோம் என்றேன். அம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு பக்கத்து வீட்டில் போய், "எம்மவ வீடு வீடா போயி காய்ச்சல் பாக்குது. மனுசனுக்கு இல்ல, வீட்டுக்கு" என்று சொல்லிவிட்டு வந்தார். எனக்குக் கோபம்தான். ஆனால் என் ஆய்வை அதைவிடச் சுருக்கமாக நானும் இதுவரை சொன்னதில்லை.

அந்த வருடம் நாங்கள் காய்ச்சல் பார்க்கப் போனது புக்கிட் ரோத்தானுக்குப் பக்கத்தில் ஒரு தாமானுக்கு. வீடமைப்புப் பகுதிகளை இங்கே மலாய்ச் சொல்லால் அப்படித்தான் சொல்கிறோம். அது முன்பு எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம். நான் பிறந்ததே அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில்தான். லயத்து வாழ்க்கையைச் சொர்க்கம் என்று யாராவது பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கூரையிலிருந்து தேள் விழும். கழிவறைக்கு வரிசையில் நிற்க வேண்டும். தோட்டம் போனதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அதன்மேல் வீடு கட்டியவர்கள் நிழல் என்று ஒன்று இருப்பதை ஒரு நிமிடமாவது நினைத்துப் பார்த்திருக்கலாம் என்பதுதான் வருத்தம்.

அந்தத் தாமானில் ஒரு சாலை, அதன் இரு பக்கமும் ஒன்றுபோல வரிசை வீடுகள். ஒரு வரிசைக்குப் பின்னால், பழைய துரை பங்களாவுக்குப் போன பாதையோரம், எப்போதோ நட்ட அங்சானா மரங்கள் தப்பித்து நின்றன. அவற்றின் கிளைகள் கூரைகளுக்கு மேல் கவிந்திருக்கும். எதிர்வரிசைக்குப் பின்னால் கார் நிறுத்தும் இடம். தாரைத் தவிர வேறொன்றும் இல்லை.

அந்த எதிர்வரிசையில்தான் என் தங்கை இருக்கிறாள். ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் அவளுக்கு நிரந்தர இரவு ஷிப்ட். காலையில் பஸ் கொண்டுவந்து இறக்கிவிடும். பிள்ளைகளுக்குச் சமைத்து, துணி துவைத்து, வீட்டைக் கூட்டிவிட்டு அவள் படுக்கும்போது உச்சி வெயில் வந்துவிடும். வீடு அடுப்பாகக் கொதிக்கும். ஏர்கோன் வாங்கிவிடலாம், தினமும் பகலெல்லாம் அதை ஓட்டினால் வரும் மின்கட்டணத்தை அவள் குடும்பத்தால் கட்ட முடியாது. ஒரு முறை அவள் மெஷின் முன்னால் நின்றபடியே கண்ணயர்ந்துவிட்டாள். பக்கத்தில் நின்ற பெண் பிடித்து இழுத்ததால் கை தப்பியது. இதை அவள் ஏதோ வேடிக்கைக் கதை மாதிரி என்னிடம் சொன்னாள். அவள் பகலில் நன்றாகத் தூங்க வேண்டும். அந்தத் தெருவில் எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

எதிர்வரிசைக்குப் பின்னாலும் மரம் நடச் சொல்லி நகராண்மைக் கழகத்தைக் கேட்கலாம் என்று இருந்தோம். அதற்குள் மரம் இருக்கிற வரிசைக்காரர்கள், இருக்கிற மரங்களை வெட்டச் சொல்லி மனுக் கொடுத்துவிட்டார்கள்! பூ கொட்டிக் காரெல்லாம் மஞ்சளாகிறது, சருகு சாக்கடையை அடைக்கிறது, பாம்பு வருகிறது என்று. இதற்குத் தலைமை குடியிருப்போர் சங்கத் தலைவி. சங்கத்து அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். இருப்பதையே வேண்டாம் என்கிற இடத்தில் புதிதாக யார் மரம் நடுவார்கள்? ஒரு கூட்டம் போட்டு, எங்கள் ஆய்வு முடிவையும் கேட்டுவிட்டு முடிவெடுப்பதாக நகராண்மைக் கழக அதிகாரி சொன்னார். அது ஒன்றுதான் எங்களுக்கு இருந்த வழி.

எங்கள் கருவி தீப்பெட்டி அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி. வீட்டின் வெப்பத்தைத் தானாகவே அளந்து பதிந்து எங்கள் கணினிக்கு அனுப்பிவிடும். உயிரோடு இருக்கிறேன் என்று காட்ட ஒரு பச்சை விளக்கு கண் சிமிட்டும். வீடு வீடாகக் கொடுத்து நானே தமிழில் சொன்னேன்: "வெயில் படாத எடமா பாத்து வைங்க. சுத்தமா இருக்கணும், புள்ளைங்க கை படக்கூடாது. ஒரு மாசத்துக்கு யாரும் தொடாதீங்க." எல்லோரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். அந்தப் பக்தியைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மாதம் முடிந்து, வந்து சேர்ந்திருந்த பதிவுகளைக் கணினியில் திறந்தோம். எங்கள் குழுத் தலைவர் கிளந்தானைச் சேர்ந்த மலாய்க்காரப் பெண்மணி. டாக்டர் என்று கூப்பிடுவோம். திரையைப் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். ஒவ்வொரு நாளும் விடிந்ததும் வெப்பக்கோடு கொம்பு முளைத்தாற்போல் மேலே பாய்ந்தது. பொழுது சாய்ந்ததும் இன்னொரு பாய்ச்சல். "இந்த வீடுகளில் தினமும் இரண்டு தடவை தீப்பிடிக்கிறதா?" என்று மலாயில் கேட்டார். பிறகு தேதிகளை ஒப்பிட்டுவிட்டு, "வெள்ளிக்கிழமைகளில் இன்னும் பெரிய தீ" என்றார்.

வெள்ளிக்கிழமை என்றதும் அது எந்தத் தீ என்று எனக்குப் புரிந்துவிட்டது.

இந்தப் பதிவுகளைத் தூக்கி எறிய வேண்டியதுதான் என்றார் டாக்டர். அவற்றை எறிந்தால் இரண்டு வரிசையிலும் மிச்சம் விரல்விட்டு எண்ணக்கூடிய வீடுகளே. மறுபடி அளக்கக் கூட்டத்துக்குள் நேரமில்லை. சனிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு புக்கிட் ரோத்தானுக்குப் போனேன். வழியெல்லாம் ஸ்டியரிங்கைத் திட்டிக்கொண்டே போனேன்.

முதலில் சங்கத்து அக்கா வீடு. கூடத்துச் சாமி மேடையில், முருகனுக்கும் மகாலட்சுமிக்கும் நடுவில், என் வெப்பமானி கொலு வீற்றிருந்தது. நெற்றியில் சந்தனம், அதன்மேல் குங்குமம். முன்னால் காமாட்சி விளக்கு.

"அக்கா, இத ஏன்க்கா இங்க வச்சீங்க?"

"நீதானம்மா சொன்ன, சுத்தமான எடம், யாரும் தொடக்கூடாதுன்னு. எங்க வீட்ல அப்படி எடம் வேற எங்க இருக்கு?"

"சரி, பொட்டு எதுக்குக்கா?"

"மேடையில ஏத்திட்டு பொட்டு வைக்காம எப்படி லா?"

அடுத்த வீட்டிலும் மேடைதான். அதற்கடுத்த வீட்டில் மல்லிகைச் சரமே சுற்றியிருந்தார்கள். கடைசியாகத் தங்கை வீட்டுக்குப் போனால் அங்கேயும் மேடை, அங்கேயும் குங்குமம்! என் பொறுமை போய்விட்டது.

"நீயுமாடி? ஸ்கூல்ல சயின்ஸ் படிச்சவதானே நீ? வெளக்குப் பக்கத்துல வெப்பமானிய வைப்பாங்களா?"

தூக்கமில்லாத கண்களோடு என்னைப் பார்த்தாள். "ஒன் வேல நல்லபடியா முடியணும்னுதான் லா அங்க வச்சேன்" என்றாள்.

அவள் தரையில் தண்ணீர் தெளித்து, ஈரத் துண்டை விரித்து அதன்மேல் படுத்தாள். மின்விசிறி சூட்டைத்தான் சுழற்றிக்கொண்டிருந்தது. அவள் இந்தப் பக்கம் புரண்டாள், அந்தப் பக்கம் புரண்டாள். பக்கத்தில் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தேன். செய்வதற்கு ஒன்றுமில்லாமல் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அது பிடிபட்டது.

சாமி கிழக்கே பார்க்க வேண்டும். ஆகவே எல்லா வீட்டிலும் மேடை மேற்குச் சுவரில்தான். அந்த வரிசை வீடுகளில் மேற்குச் சுவர் பக்கத்து வீட்டோடு சேர்ந்த பொதுச் சுவர், வெயிலே படாது. உயரமும் எல்லா வீட்டிலும் கை கூப்பி நின்றால் முகத்துக்கு நேராக வரும். அதாவது இத்தனை வீடுகளிலும் என் கருவி ஒரே சுவரில், ஒரே உயரத்தில், அசையாமல் ஒரு மாதம் இருந்திருக்கிறது. மேடை இல்லாத வீடுகளில் அது பட்ட பாடு தனிக்கதை. ஒரு வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் தலையில் இருந்தது, ஒரு வீட்டில் ஜன்னலில். ஒருவர் பத்திரமாக இருக்கட்டும் என்று காருக்குள் வைத்துப் பூட்டியிருந்தார். நாங்கள் காலில் விழுந்து கேட்டிருந்தாலும் இந்த ஒழுங்கு வந்திருக்காது. விளக்கு எரிவதும் காலையும் மாலையும்தான். என் தங்கை தூங்க முடியாமல் புரளும் நடுப்பகலில் எந்த வீட்டிலும் விளக்கு இல்லை.

டாக்டரை அழைத்துச் சொன்னேன். அவர் லேசில் நம்புகிறவரில்லை. திங்கட்கிழமை ஆய்வகத்துக்கு வெளியே நடைபாதையில் ஒரு பலகையைப் பொருத்தி, நான் கொண்டுபோன காமாட்சி விளக்கை ஏற்றச் சொன்னார். பக்கத்தில் வெப்பமானியை வைத்து, விளக்கு அணைந்த பிறகு சூடு எவ்வளவு நேரம் தங்குகிறது என்று கையில் கடிகாரத்தோடு நின்று பார்த்தார். போகிற வருகிற மாணவர்கள் எங்களுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்துக்கொண்டு போனார்கள். விளக்கு நேரத்தையும் அதன் பிறகு கொஞ்ச நேரத்தையும் வெட்டிவிட்டால் மிச்சமெல்லாம் சுத்தமான பதிவு என்று கடைசியில் ஒப்புக்கொண்டார். "அடுத்த ஆய்வில் எல்லா வீட்டுக்கும் நாமே மேடை அடித்துக் கொடுத்துவிடலாம்" என்றார் சிரிக்காமல். அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

முடிவு தெளிவாக வந்தது. நடுப்பகலில் மரத்து வரிசை வீடுகள் எல்லாமே எதிர்வரிசையைவிடக் குளுமை. நாங்கள் எதிர்பார்த்ததைவிட அதிக வித்தியாசம்.

கூட்டம் ஒரு சனிக்கிழமை காலை பொது மண்டபத்தில் நடந்தது. பெருமையோடு வெப்பக்கோடுகளின் படத்தைத் திரையில் போட்டு, நீலக் கோடு உங்கள் வரிசை, சிவப்புக் கோடு எதிர்வரிசை என்று விளக்கினேன். சங்கத்து அக்கா எழுந்தார்.

"படம் நல்லாத்தான் இருக்கு. பாம்பு வந்தா ஒன் படமா வந்து அடிக்கும்?"

மண்டபமே சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். ஆனால் அக்கா விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மருமகள் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது துணி துவைக்கிற இடத்தில் பாம்பு சுருண்டு கிடந்ததையும், அன்றிலிருந்து பின்கதவைத் திறக்கும்போதெல்லாம் நெஞ்சு அடித்துக்கொள்வதையும் சொன்னார். சொல்லும்போது குரல் நடுங்கியது. அவரைப் பிடிவாதக்காரி என்றே நான் நினைத்து வைத்திருந்தேன். பயந்துபோன ஒரு பெண்ணுக்கு நீலக் கோட்டையும் சிவப்புக் கோட்டையும் காட்டிக்கொண்டு நின்றேன்.

அப்போது பின்னால் கதவோரம் நின்றிருந்த என் தங்கை பேசினாள். பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்திருந்தாள், தொழிற்சாலைச் சட்டையோடு. கூட்டத்தில் வாய் திறக்கிறவளே இல்லை.

"அக்கா, ஒரே ஒரு நாளைக்கு மத்தியானம் ஒங்க வீட்ல வந்து தூங்கிக்கட்டுமா?"

அக்கா அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"இதுக்கெல்லாம் கேட்பாங்களா? வா லா" என்றார்.

அடுத்த வாரம் நேரில் வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகச் சொல்லி அதிகாரி கிளம்பினார்.

திங்கட்கிழமை தங்கை தலையணையை இடுக்கிக்கொண்டு சாலையைக் கடந்தாள். சாயங்காலம் அவளைப் பார்க்க நான் போனபோது சங்கத்து அக்கா வாசல் கேட்டிலேயே நின்றிருந்தார். என்னைக் கண்டதும் உதட்டில் விரலை வைத்தார். கேஸ் லோரிக்காரனை ஹாரன் அடிக்க விடாமல் விரட்டியிருக்கிறார். பேரனைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

"படுத்த ஒடனே தூங்கிருச்சு" என்றார் மெதுவாக. "பொரளவே இல்ல. ஸ்கூல் விட்டு வந்த புள்ளைங்களுக்கு சோறு போடலாம்னு நான்தான் ஒன் தங்கச்சி வீட்டுக்குப் போனேன். என்னால நிக்க முடியலம்மா. முதுகெல்லாம் நனைஞ்சு போச்சு. எதுத்தாப்லதானே இருக்கேன், இத்தன வருசமா எனக்குத் தெரியல பாரு."

என்னைப் பார்க்காமல், மூடியிருந்த தன் வீட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். என் கண் கலங்கிவிட்டது.

அதிகாரி வந்த அன்று அக்காவே முன்னால் நின்று பேசினார். மரம் இருக்கட்டும், ஆனால் பின்னால் உள்ள புல்லை ஒழுங்காக வெட்ட வேண்டும், லோங்காங் என்கிற சாக்கடையைச் சுத்தம் செய்ய வேண்டும், பாம்புக்கு ஒளிய இடம் இருக்கக் கூடாது என்று நிபந்தனைகளை அடுக்கினார். அதிகாரி எல்லாவற்றுக்கும் சரி என்றார். கடைசியாக எதிர்வரிசையைக் காட்டினார்.

"அங்கயும் மரம் நடுங்க சார். சீக்கிரமா வளர்ற மரமா பாத்து நடுங்க. அது வளர்ற வரைக்கும் இந்தப் பொண்ணு எங்க வீட்ல தூங்கிக்கும்."

கார் நிறுத்தும் இடத்தின் ஓரத்தில் கன்றுகள் நட்டாகிவிட்டது. இன்னும் அவை ஒரு காருக்குக்கூட நிழல் தராது. நேற்று மத்தியானம் எங்கள் பதிவுக்காக அவற்றின் உயரத்தைக் கேட்கலாம் என்று தங்கையை அழைத்தேன். வெகுநேரம் மணி அடித்த பிறகு எடுத்தாள்.

"நாளைக்குக் கேளு லா" என்று குழறிவிட்டு, போனை அணைக்காமலே மறுபடி தூங்கிப்போனாள். அக்கா யாரையோ அதட்டி அடக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் தங்கையின் மூச்சு. எனக்கு வேலை தலைக்கு மேல் கிடந்தது. போனைக் காதிலிருந்து எடுக்க மனம் வராமல், அவ்வளவு சந்தோஷத்தோடு, அந்த மூச்சையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.