சந்திரகலாவின் வலது கை

பூவம்மாளின் நான்கு விரல்கள் பிரஸ் மெஷினில் நசுங்கியபோது அவள் போட்ட அலறல் கேட்காத ஒரே ஆள், அடுத்த மெஷினில் நின்ற சந்திரகலா. கேட்கவில்லையே தவிர, தகட்டில் ரத்தம் பரவியதைப் பார்த்தாள். வேலை வேகமாக நடக்கட்டும் என்று முந்தின நாள் காண்டிராக்டர் வரதன், கை உள்ளே இருந்தால் மெஷினை நிறுத்திவிடும் சென்சாரின் வயரைப் பிடுங்கியதையும் பார்த்திருந்தாள்.

சந்திரகலா புதுவாயல்காரி. பிறவியிலேயே காது கேட்காது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எட்டு வருஷமாக வேலை. அவளுடைய சைகை மொழி அங்கே யாருக்கும் தெரியாது. கூப்பிட வேண்டுமென்றால் முதுகில் போல்ட்டை எறிவார்கள். அவளும் திருப்பி எறிவாள், குறி தப்பாது.

மீஞ்சூரில் இன்ஜினியரிங் படிக்கும் ஏஞ்சல் என்ற பெண், தான் செய்த கையுறை ஒன்றை அவளுக்குக் கொடுத்திருந்தாள். விரல்கள் மடங்கும் விதத்தை வைத்துச் சைகையைப் புரிந்துகொண்டு, செல்போன் வழியாக அது தமிழில் பேசும்.

பூவம்மாள் கவனமில்லாமல் கையை விட்டாள் என்று, விசாரிக்க வந்த அதிகாரியிடம் வரதன் சொன்னான். யாரும் அழைக்காமலே சந்திரகலா கையுறையோடு முன்னால் போய் நின்றாள். செல்போன் உணர்ச்சியில்லாத குரலில் பேசியது. "வரதன் வயர் பிடுங்கினான். நான் பார்த்தேன்."

அன்று ஷிப்ட் முடிந்து சைக்கிளை எடுக்கக் குனிந்தவளின் முடியைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்துத் தள்ளினான் வரதன். வலது மணிக்கட்டை ஒரு பூட்ஸ் காலால் அழுத்திக்கொண்டு, மறு காலால் கையுறை மாட்டிய கையை மிதித்தான். எலும்பு முறியும்வரை மிதித்தான்.

"இன்னாடி, இப்ப பேசு பாக்கலாம்" என்று அவன் சொன்னதை ஓடிவந்த வாட்ச்மேன் முனுசாமி கேட்டார்.

சந்திரகலாவின் இடது கைக்கு ஒரு செங்கல் அகப்பட்டது. முதல் அடி அவன் முழங்காலில், விழுந்தபின் வாயில். மூன்றாவது அடிக்கு ஓங்கியபோதுதான் முனுசாமி அவளை இழுத்துப் பிடித்தார். இல்லாவிட்டால் கொன்றிருப்பேன் என்று அவளே பின்னால் ஒப்புக்கொண்டாள்.

இருவர் மேலும் வழக்குப் பதிவானது. வயர் விஷயம் உண்மையென்று தெரிந்ததும் வரதன் கைதானான்.

அவளுடைய இரண்டு விரல்கள் கோணலாகவே கூடின. ஏஞ்சல் புதுக் கையுறையோடு வந்தாள். சந்திரகலா 'தண்ணீர்' என்று காட்டினால் அது 'செருப்பு' என்றது. ஏஞ்சல் அழுதுவிட்டாள். சந்திரகலா அவள் தோளை உலுக்கி, முதல் சொல்லிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். கோணல் விரல்களைக் கையுறை கற்றுக்கொள்ள ஒரு மாதம் ஆயிற்று.

பிறகு இருவரும் பூவம்மாள் வீட்டுக்குப் போனார்கள்.

"என்னாலதானே ஒன் கையும் போச்சு. இன்னாத்துக்கு வந்து சொன்னே?" என்று பூவம்மாள் கேட்டாள். ஏஞ்சல் அதைச் சைகையில் காட்டினாள்.

சந்திரகலா கையைத் தூக்கினாள். "கோபம்" என்றது செல்போன். சற்றுக் கழித்து, "இன்னும் இருக்கிறது."

இப்போது சந்திரகலா பெரியபாளையம் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறாள். பூவம்மாளின் நஷ்டஈட்டு வழக்கு நடக்கிறது. முதல் சாட்சி சந்திரகலா.