அண்ணனின் கயிற்றில் நான் கூட்டிய இரண்டு பாகம்

ஆண்டவர் சாட்சியாகச் சொல்கிறேன், இதை எழுதப் பல வருடங்கள் தயங்கினேன். அண்ணன் உயிரோடு இருந்தபோதே ஊரறியச் சொல்லியிருக்க வேண்டும். பாவசங்கீர்த்தனத்தில் பங்குச் சுவாமியிடம் சொல்லிவிட்டேன். ஊரிடம் சொல்ல வாய் வரவில்லை. அவருடைய ஆண்டுத் திருப்பலிக்கு வந்திருக்கும் உங்களிடமும் சொல்லாவிட்டால், இனி ஒருநாளும் சொல்லமாட்டேன்.

அண்ணன் பேசாலையில் பிறந்தார். நான் அவருக்கு மூன்று வயது இளையவன். அவர் படித்து விளையாட்டு ஆசிரியரானார். நான் எங்கள் ஐயாவின் மீன்பிடி வள்ளத்தோடு நின்றுவிட்டேன். அம்மா பொரித்த மீனில் நடுத்துண்டு எப்போதும் அவர் சாப்பாட்டுக் கோப்பைக்குத்தான் போகும். அந்த மீனைப் பிடித்தவன் நான்.

எங்கள் ஊரில் நீச்சல் தடாகம் இல்லை. அண்ணன் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்க என் கயிற்றையும் மிதப்புக் கட்டைகளையும் வாங்கி, கடலில் ஐம்பது மீற்றர் அளந்து, இரு முனையிலும் கல் கட்டி இறக்கினார். யுத்தத்தில் கடலில்லாத மடுவுக்கு இடம்பெயர்ந்தபோதும் அவர் விடவில்லை. பிள்ளைகளை மர வாங்கில் குப்புறப் படுக்கவைத்துக் கை வீசப் பழக்கினார்.

"தண்ணியில்லாத இடத்தில என்ன நீச்சல், வாத்தியார்?" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்.

"காத்து இருக்குத்தானே தம்பி, அதில நீந்தட்டும்" என்றார். சனம் சிரித்தது. என் பகிடிக்கு அல்ல, அவருடைய பதிலுக்கு.

ஊர் திரும்பியபின் அவர் மறுபடியும் கடலில் கயிறு இறக்க, என் மகளும் அவரிடம் பழகினாள். பிறகு வீட்டில் எதற்கெடுத்தாலும் பெரியப்பாதான். ஒருநாள் சாப்பிடும்போது, "அப்பா, நீங்கள் நீந்துறது பிழையாம். தலையை உப்பிடித் தூக்கக்கூடாதாம். பெரியப்பா சொன்னவர்" என்றாள். முப்பது வருடம் கடலில் கிடந்தவன் நான். கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பினேன்.

கொழும்பில் போட்டி வந்தது. ஐம்பது மீற்றரை நாற்பது செக்கனுக்குள் நீந்துகிறவர்களை மட்டும் கூட்டிப்போவேன் என்றார் அண்ணன். அன்று மாலை, வலை பார்க்கும் சாட்டில் போய், கடல்பக்கம் கிடந்த கல்லைத் தூக்கி, கயிற்றை இரண்டு பாகம் கூட்டிக் கட்டினேன். இரண்டு தரம் கை விரித்த நீளம். ஒரு பிள்ளையும் தேறக்கூடாது, என் மகளும்கூட. அவர் தலைகுனிய வேண்டும். வேறு எண்ணம் எனக்கு இருக்கவில்லை.

அடுத்த நாள் ஒருவரும் தேறவில்லை. பிள்ளைகள் அழுதார்கள். கரையில் நின்று பார்த்த எனக்குச் சுகமாக இருந்தது. அந்தச் சுகத்துக்காக நாள்தோறும் போனேன். மூன்றாம் கிழமை மூன்று பேர் தேறினார்கள். என் மகளும் ஒருத்தி.

கொழும்பில் மூவருக்கும் பதக்கம். மகள் தண்ணீருக்குள் நின்றபடியே, "பெரியப்பா, சுவர் கெதியா வந்திட்டுது!" என்று கத்தினாளாம். திரும்பி வந்த பெடியள் கயிற்றை அளந்து பார்த்தார்கள். அன்றே மீன் சந்தையில் கதை. "வாத்தியார் வேணுமெண்டுதான் நீட்டிக் கட்டினவர். என்ன மூளை பாருங்கோ!"

என் கள்ளவேலைக்கும் பெயர் அவருக்கா என்று அதற்கும் எரிந்தேன்.

கடைசி நாட்களில் வைத்தியசாலைக் கட்டிலருகே இருந்து, "அண்ணா, அந்தக் கயிறு..." என்று தொடங்கினேன்.

"அடுத்த நாளே அளந்திட்டன். உன்ர முடிச்சு எனக்குத் தெரியாதோ?"

"அப்ப ஏன் மாத்தேல்ல?"

"பிள்ளையள் தோக்கிறதைப் பாக்கவெண்டாலும் நீ ஒவ்வொரு நாளும் கரைக்கு வந்தனீ. அதுக்கு முதல் உன்ர மகள் நீந்திறதைப் பாக்க ஒருநாளும் வரேல்லையேடா."

மன்னிப்பதிலும் அவரே முந்திவிட்டார். அதற்கும் எனக்குப் பொறாமைதான். மாதா என்னைப் பொறுத்துக்கொள்ளட்டும்.

அவருக்குக் கடைசி நேரத்தில் அவஸ்தைப்பூசுதல் கொடுத்த பங்குச் சுவாமிக்கும், ஓட்டோவில் வைத்தியசாலைக்கு ஏற்றியிறக்கிய முஸ்லிம் நண்பருக்கும், பெட்டியைத் தோளில் சுமந்த அவருடைய மாணவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஒரு வேண்டுதல் உண்டு. நீங்கள் இரக்கப்பட்டு, "தம்பியும் பிள்ளையளின்ர நன்மைக்குத்தான் செய்தவர்" என்று சேர்த்துச் சொல்லப் பார்ப்பீர்கள். என் மகளே அப்படிச் சொல்லத் தொடங்கிவிட்டாள். தயவுசெய்து வேண்டாம். நான் பொறாமையில் கட்டினேன். அண்ணன் தெரிந்தும் அவிழ்க்காமல் விட்டார். கேட்கிறவர்களுக்கு இதை இப்படியே சொல்லுங்கள்.